பேசினால் போதுமா?

பேசுகிறோம், ஆனால் தெரிவிக்கிறோமா? பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு இவ்வினா சென்ற தவக்காலத்தில் எழுந்தது.

ஒரு புதன்கிழமை, முதியோர் இல்லத்துப் பாட்டிமாரிடம், "அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறோம்" என்று சொல்லி விடைபெற்றோம். நாங்கள் எண்ணியது அடுத்த வாரத்து வெள்ளியை. அவர்களோ இரண்டாம் நாளே வெளுத்த புடவை உடுத்தி, மாலைவரை வாசலில் காத்திருந்தார்களாம்! ஒரு வாரம் கழித்துச் சென்றபோது இதையறிந்து தலைகுனிந்தோம். தேதியைச் சொல்லி, "என்றைக்கு வருவோம், சொல்லுங்கள் பாட்டி" என்று கேட்டிருந்தால் போதுமே!

அலுவலிலும் இதே நிலைதான். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயின் நாட்டு டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாக விளங்கிக்கொண்டது முக்கிய காரணங்களுள் ஒன்று. அதன்பின், "சரி" என்பதோடு நில்லாமல், கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்லும் முறை வலியுறுத்தப்பட்டது.

அம்முறையை நாங்களும் கைக்கொண்டோம். அடுத்த முறை விடைபெறுகையில் தேதியைச் சொன்னோம். பாட்டிமார் திருப்பிச் சொன்னார்கள். ஒரு பாட்டி மட்டும், "நீங்களும் ஒருதரம் சொல்லுங்கள், பிள்ளைகளா" என்றார்.

சொன்னோம். அந்நாளில் தவறாமல் சென்றோம்.