மழைக் கணக்கு

அக்டோபர் 11, சனி

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராம நூலகம். ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்கு இன்று வகுப்பு தொடங்கியது. பழைய மடிக்கணினி இரண்டு, என் போன், அதன் ஹாட்ஸ்பாட். ஆப் இன்வென்டருக்கு இது போதும். வரிவரியாக நிரல் தட்ட வேண்டாம். வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தினால் ஆப் தயார். 2010இல் கூகுளில் ஹால் அபெல்சன் குழு வெளியிட்டது, பிறகு எம்.ஐ.டி. எடுத்துக்கொண்டது. இன்றும் இலவசம். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து போனை இணைத்தோம். கணினியில் பொத்தானின் நிறத்தை மாற்றியதும், "யக்கா, போன்லயும் செவப்பாயிருச்சு!"

அக்டோபர் 12, ஞாயிறு

என்ன ஆப் செய்யலாம் என்றதும் பாதிப் பேர் கேம் என்றார்கள். ஒரு பெண் மட்டும் "மழைக் கணக்கு" என்றாள். மானாவாரிக் காட்டில் உளுந்தும் பாசியும் விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். அதையே எடுத்துக்கொண்டோம்.

நேரான சுவருள்ள டப்பாவைத் திறந்தவெளியில் வைத்தால், தேங்குகிற தண்ணீரின் உயரமே மில்லிமீட்டர் கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் சுமார் 4,000 லிட்டர். "டிராக்டர் டேங்கர் ஒண்ணு!" என்றான் ஒரு பையன்.

அக்டோபர் 18, சனி

முதல் நாளுக்கு 12, மறுநாளுக்கு 8 என்று போட்டுப் பார்த்தார்கள். மொத்தம் 128 என்று காட்டியது ஆப்.

"ரெண்டு நாள்ல இம்புட்டு பெஞ்சா கம்மாய் ஒடஞ்சிருக்கும்க்கா," என்றாள் அந்தப் பெண்.

நான் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டையாக விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனாள். எழுத்துகளை ஒட்டவைக்கிற 'ஜாயின்' கட்டையில் விரல் நின்றது. அதைக் கழற்றிவிட்டு நீலநிறக் கூட்டல் கட்டையை மாட்டினாள். 20.

கேமில் ஸ்கோர் 128 என்று வந்திருந்தால் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. பிள்ளைக்குத் தெரிந்த விஷயத்தில்தான் முதல் ஆப் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மூன்றே பேர் வந்தார்கள். ஆப்பை மூடித் திறந்தால் பதிந்தது எல்லாம் போய்விடுகிறது. போனிலேயே சேமித்து வைக்கிற 'டைனிடிபி'யைச் சேர்த்தோம்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஏபிகே கோப்பாக்கி, அந்தப் பெண்ணின் அப்பா போனில் ஏற்றினோம். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப் என்று போன் எச்சரித்தது. அது ஏன் நல்ல எச்சரிக்கை, முன்பின் தெரியாதவர் அனுப்பினால் ஏன் ஏற்றக்கூடாது என்று நெடுநேரம் பேசினேன். இதைச் சொல்லாமல் ஆப் செய்யக் கற்றுக்கொடுக்கக் கூடாது.

அவளுடைய தாத்தா ஆப்பை வாங்கிப் பார்த்தார். "மில்லிமீட்டர் கிடக்கட்டும் தாயி. ஒரு உழவு மழையா, ரெண்டு உழவு மழையான்னு சொல்லுமா?"

'இஃப்' கட்டை போட்டால் சொல்லும். ஆனால் எத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு உழவு? ஆளுக்கொன்று சொன்னார்கள். அடுத்த மழைக்கு மண்வெட்டியோடு காட்டுக்குப் போய், ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று தாத்தாவை வைத்தே பார்த்துவிட்டு எண்ணைப் போடுவதாக முடிவு.