பெட்டூனியாவும் எங்கள் ஆச்சியும்

செடியை விலைக்கு வாங்கலாம். அதன் மலர்ச்சியை விலைக்கு வாங்க இயலாது. பணம் கொடுத்த அன்று நாம் காணும் பூக்கள் நாற்றங்காலாரின் உழைப்பால் மலர்ந்தவை. அவை உதிர்ந்தபின் வருகின்ற பூக்களே நம் வீட்டுப் பூக்கள். சென்ற மார்கழியில், கீழப்பாவூரிலுள்ள எங்கள் இல்லத்திற்கு ஆறு பெட்டூனியாச் செடிகள் வந்தபோது இதனை நன்கு உணர்ந்தோம்.

பெட்டூனியா தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பிரேசில் நாட்டுப் பழங்குடியினர் புகையிலைக்கு வழங்கிய ‘பெட்டூன்’ என்னும் சொல்லைக் கொண்டு, 1803-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞர் ஜுஸ்ஸியூ இதற்குப் பெயரிட்டார். புகையிலைக்கு மட்டுமன்றி, கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றிற்கும் இது உறவு. ஆகவே, பாவூர்ச்சத்திரம் சந்தைக்குக் காய்கறி விளைவிக்கும் எம் பகுதியினர்க்கு இதன் பகைகள் புதியன அல்ல. அதே அசுவினி, அதே வெள்ளை ஈ. வேப்பெண்ணெய்க் கரைசலை மாலை வேளையில் இலைகளின் அடிப்புறம் தெளித்து அவற்றைக் கட்டுப்படுத்தினோம்.

காலமறிந்தே செடிகளை வாங்கினோம். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலோடு மலையிலிருந்து வீசும் காற்றை இதன் மெல்லிய தண்டு தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையோ இதழ்களை அழுகச் செய்துவிடும். மழை ஓய்ந்த மார்கழி முதல் வெயில் ஏறாத மாசி வரையே இங்கு இதற்கு நற்காலம்.

நிழல்வலையின் கீழ் வளர்ந்த செடியை, வந்த அன்றே உச்சி வெயிலில் நிறுத்துதல் தகாது. முதல் சில நாள்கள் காலை வெயில் மட்டும் படும் தாழ்வாரத்தில் வைத்து, பின்னர் சிறிது சிறிதாகப் பழக்கினோம். அவை தென்னை நார்க்கழிவில் வளர்க்கப்பட்டிருந்தன. அந்த வேர்க்கட்டி ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், மேலே ஊற்றும் நீர் உட்புகாமல் ஓரமாக வழிந்துவிடும். எனவே நடுவதற்கு முன் அதனை நீரில் அமிழ்த்தி நனைத்தோம். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து தொட்டியை நிரப்பினோம். விரலை மண்ணுள் நுழைத்துப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் மட்டும் பூக்கள் நனையாதவாறு வேரில் நீர் வார்த்தோம்.

இவ்வளவையும் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் எங்கள் ஆச்சி. அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இழந்த பார்வை இனி மீளாது என்று மருத்துவர் கூறிய நாள்முதல், அடுக்களைப் பக்கம் வருவதையும் அவர் விட்டுவிட்டார். “மணக்காத பூவுக்கு எதுக்கு இம்புட்டுத் தண்ணி?” என்பதே அவர் கேள்வி.

ஒருநாள் அந்தி மயங்கியபின், “என்ன மணக்குது?” என்று அவரே கேட்டார். வெள்ளைப் பெட்டூனியா பகலில் மணத்தை அடக்கிவைத்து, இரவில் உலவும் அந்துப்பூச்சிகளை அழைக்க இருட்டத் தொடங்கியதும் மணம் வீசும். பார்வையுள்ள நாங்கள் நிறத்தையே கண்டு மகிழ்ந்திருந்தோம். மணத்தைக் கண்டவர் ஆச்சிதான்.

மறுநாள் அவர் கையைப் பிடித்துத் தொட்டியருகே அழைத்துச் சென்றோம். வாடிய பூவை, அடியிலுள்ள சூலகத்தோடு சேர்த்துக் கிள்ள வேண்டும். இதழை மட்டும் பறித்தால் செடி விதை முதிர்ப்பதில் முனைந்து, பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இவ்வேலைக்குக் கண் வேண்டியதில்லை. புதுப்பூ விரிந்து விறைப்பாயிருக்கும். வாடியது துவண்டு ஈரத்துணி போல விரலில் ஒட்டும். இரண்டு நாளில் ஆச்சியின் விரல்கள் இவ்வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. அன்றுமுதல் காலைதோறும் சுவரைப் பற்றியவாறு தாமே முற்றத்திற்கு வந்தார். பேரப்பிள்ளைகள் உதவ முன்வந்தாலும் விடமாட்டார்.

பங்குனி வெயிலில் செடிகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. இச்சமவெளியில் அவற்றின் ஆயுள் அவ்வளவே. ஆயினும் ஆச்சி திண்ணைக்குத் திரும்பவில்லை. முருங்கைக்கீரை ஆய்வதும் உள்ளி உரிப்பதும் இப்பொழுது அவர் பொறுப்பு.

முதியோர்க்கு நேரத்திற்கு உணவும் மருந்தும் தந்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் இல்லங்கள் பல. அவர்கள் கைக்கு ஏற்ற ஒரு வேலையையும் தேடித் தருவோம். அவர்கள் இல்லாவிடில் அவ்வேலை நடவாது என்பதை அவர்களும் அறியட்டும்.