பேப்பர்ல 55 டன்

மீஞ்சூர் தாண்டி காட்டுப்பள்ளி பக்கம் பைக்ல போயிருந்தீங்கன்னா அந்த வரிசையைப் பார்த்திருப்பீங்க. ரோட்டோரமா ஒண்ணு பின்னால ஒண்ணா கன்டெய்னர் ஏத்தின ட்ரெய்லர் வண்டிங்க. சில டிரைவருங்க வண்டி நிழல்ல துண்டை விரிச்சுப் படுத்திருப்பாங்க. சில பேர் ஸ்டவ் பத்த வச்சு சோறு ஆக்கிட்டு இருப்பாங்க. நாம ஹாரன் அடிச்சிட்டே, "இவங்களாலதான் ரோடு இப்படி நாசமாகுது"ன்னு திட்டிட்டுப் போவோம். நானும் திட்டியிருக்கேன். அந்த வரிசையில எங்க சித்தப்பாவும் ஒருத்தர்னு தெரிஞ்சே திட்டியிருக்கேன்.

எங்க ஊர் பழவேற்காடு ஏரியை ஒட்டின ஒரு குப்பம். ஒடிசாவுல இருக்கற சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி எங்களோடதுதான். தாத்தா, பெரியப்பா எல்லாருக்கும் வலைதான் தொழில். சித்தப்பாவும் முப்பது வயசு வரைக்கும் வலைதான் போட்டார். கடலும் ஏரியும் சேர்ற முகத்துவாரம் மணல் மூடி மூடி, இறால் வரத்து குறைஞ்சு, கடன் ஏறினதும் ஹெவி லைசன்ஸ் எடுத்தார். எண்ணூர்ல 2001ல ஒரு துறைமுகம், காட்டுப்பள்ளியில 2013ல இன்னொண்ணு வந்தாச்சு. ஏரியில இல்லாத வேலை ரோட்டுல இருந்துது. இப்போ அவர் ஓட்டுறது 22 சக்கர ட்ரெய்லர்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ சித்தப்பா வழக்கம்போல இல்ல. சாப்பிட்டு முடிச்சு திண்ணையில உட்கார்ந்ததும் நான்தான் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமா சொன்னார்.

நாற்பதடி ட்ரெய்லர்ல ஒரு பெரிய கன்டெய்னருக்குப் பதிலா ரெண்டு இருபதடி கன்டெய்னரை வைக்கலாம். ஒரே ட்ரிப்புல ரெண்டு பெட்டி போயிடும், ஓனருக்கு டீசல் மிச்சம். அன்னிக்கு அவருக்கு ஏத்தினது அப்படி ரெண்டு பெட்டி. பேப்பர்ல ஒவ்வொண்ணும் 20 டன். வெறும் வண்டி எடை 15 டன். மொத்தம் 55. அவர் வண்டிக்குச் சட்டம் அனுமதிக்கற அளவும் கரெக்டா 55 டன்தான்.

"அத்தக் கேட்டதுமே எனக்கு டவுட்டு பாப்பா. கரெக்டா 55 எப்படி வரும்? மீன் கூடையக் கூட தராசுல வச்சா கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்."

மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கல. இறங்கும்போது பிரேக்கை மிதிச்சா நிக்கறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துது. உடனே ஓனருக்கு ஃபோன் போட்டார். "பாத்துப் போப்பா, பக்கத்துலதானே" அப்படின்னு பதில் வந்துது. கொஞ்ச தூரத்துல செக்கிங். எடை மேடையில ஏத்தினாங்க. 62 டன்.

இதுக்கு மேல நடந்ததுக்குக் கொஞ்சம் சட்டம் தெரிஞ்சா நல்லா புரியும். மோட்டார் வாகனச் சட்டம் 194வது பிரிவுப்படி, 2019 திருத்தத்துக்கு அப்புறம், ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. ஏழு டன்னுக்கு 14,000 சேர்த்து 34,000. அதோட முடியாது. கூடுதல் பாரத்தை இறக்கற வரைக்கும் வண்டி நகரக் கூடாது, இறக்கற செலவும் நம்மளோடது. மணல், ஜல்லின்னா ஆளை விட்டு அள்ளிடலாம். சீல் வச்ச கன்டெய்னரை என்ன பண்ணுவீங்க? கிரேன் வரணும், இன்னொரு ட்ரெய்லர் வரணும், ஒரு பெட்டியை அப்படியே தூக்கி மாத்தணும். சித்தப்பா ஒன்பது மணி நேரம் ரோட்டுல நின்னார்.

அபராதத்தை ஓனர் கட்டினார். அப்புறம் பாதியை சித்தப்பா கணக்குல எழுதினார். மாசா மாசம் பிடிச்சுக்கறாங்க.

எனக்குக் கோவம் வந்துது. ஃபோன்லயே சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 113வது பிரிவுல ஒரு உட்பிரிவு இருக்கு. டிரைவரே வண்டியோட ஓனரா இல்லாதபட்சத்துல, இந்தத் தப்பு ஓனருக்குத் தெரிஞ்சோ, அவர் சொல்லியோதான் நடந்ததுன்னு கோர்ட் எடுத்துக்கலாம். 194லயும் ஓட்டினவர் மட்டும் இல்ல, ஓட்ட வச்சவர், ஓட்ட விட்டவர் எல்லாருமே வர்றாங்க. பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன்.

அவர் சிரிச்சார். "சரி பாப்பா. நான் கோர்ட்டுல நின்னா அன்னிக்கு ட்ரிப்பு யாரு ஓட்டுவா? அடுத்த நாள் எனக்கு யாரு வண்டி குடுப்பா?"

"அப்போ ஏத்தும்போதே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்னு வச்சிக்கோ, பின்னால நிக்கறவன் எடுத்துப்பான். அவனுக்கும் புள்ள குட்டி இருக்குல்ல."

அப்புறம் ஏரியைப் பார்த்துக்கிட்டே இன்னொண்ணு சொன்னார். படகுல பாரம் ஜாஸ்தியானா கண்ணாலேயே தெரியும். தண்ணிக்கும் படகு விளிம்புக்கும் நடுவுல எத்தனை விரக்கடை இருக்குன்னு பார்த்தா போதும். ட்ரெய்லர்ல அது கிடையாது, பெட்டி சீல் வச்சு வருது. "உள்ள இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. பேப்பர்ல 20ன்னு அடிச்சிருந்துது. எவனோ ஒரு படிச்ச புள்ளதான் ஏசி ரூம்ல உக்காந்து அத்த அடிச்சிருக்கும்."

அவர் அதைச் சாதாரணமாத்தான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைச்சுது. ஏன்னு சொல்றேன்.

மூணாவது வருஷம் முடிஞ்ச லீவுல நான் இன்பிளான்ட் ட்ரெய்னிங் போனேன். நம்ம காலேஜ்ல பாதி பேர் போற மாதிரிதான், தெரிஞ்சவங்க மூலமா, சர்டிஃபிகேட்டுக்காக. போனது ஒரு கன்டெய்னர் யார்டு. "இங்கிலீஷ் மீடியமா? அப்போ நீ சிஸ்டம்ல உட்காரும்மா"ன்னு சொல்லி கம்ப்யூட்டர் முன்னால உட்கார வச்சாங்க. ஃபார்ம் முழுக்க இங்கிலீஷ். எனக்கு அது பெருமையா கூட இருந்துது.

அந்த ஃபார்ம்ல ஒரு கட்டம், சரக்கோட சேர்த்து கன்டெய்னரோட மொத்த எடை. முதல் நாள் நான் கேட்டேன், "சார், எடை சீட்டு எங்க?" "போன வாரம் போட்டதையே போடும்மா. அதே சரக்குதான். 20க்கு மேல போகாம பாத்துக்கோ." நான் போட்டேன். ரெண்டாவது நாள் கேட்கவே இல்ல. காப்பி, பேஸ்ட். பதினஞ்சு நாள் முடிவுல எனக்கு சர்டிஃபிகேட் குடுத்தாங்க, அதுல "எக்ஸலன்ட்"னு போட்டிருந்தாங்க.

சித்தப்பா வண்டியில இருந்த பெட்டிக்கு நான் ஃபார்ம் அடிக்கல. நான் போனது ஜூன்ல, அவர் மாட்டினது டிசம்பர்ல. ஆனா நான் அடிச்ச பெட்டியையும் யாரோ ஒருத்தர் ஓட்டிட்டுப் போயிருப்பார். அவர் மேம்பாலம் இறங்கும்போது பிரேக் பிடிச்சுதா, எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டம் ஏன் அங்க இருக்குன்னு ஹாஸ்டலுக்கு வந்த அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 2007ல எம்எஸ்சி நாப்போலின்னு ஒரு கன்டெய்னர் கப்பல் இங்கிலீஷ் கால்வாய்ல புயல்ல விரிசல் விட்டுது. அப்புறம் அதுல நனையாம தப்பின சுமார் 660 பெட்டிங்களை எடை போட்டுப் பார்த்தாங்க. 137 பெட்டியில நிஜ எடைக்கும் பேப்பர் எடைக்கும் மூணு டன்னுக்கு மேல வித்தியாசம். விரிசலுக்கு எடை மட்டுமே காரணம் இல்ல, ஆனா பேப்பரை நம்ப முடியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதனால 2016 ஜூலை 1லேர்ந்து உலகம் முழுக்க ஒரு விதி. ஏற்றுமதி பண்றவங்க சரிபார்த்த எடையைக் குடுத்தாதான் பெட்டி கப்பல்ல ஏறும். நிரப்பின பெட்டியை அப்படியே எடை போடலாம். இல்லன்னா உள்ள வைக்கற ஒவ்வொண்ணையும் எடை போட்டு, காலிப் பெட்டி எடையோட கூட்டலாம். இந்த ரெண்டு வழிதான். போன வார நம்பரை காப்பி அடிக்கறது மூணாவது வழி. அதை நான் பண்ணினேன்.

சிவில் படிக்கற எனக்கு இன்னொரு வெட்கமும் இருக்கு. ஆறாவது செமஸ்டர்ல 13 மார்க்குக்கு நாலாம் அடுக்கு விதி எழுதினவ நான். 1950கள் முடிவுல அமெரிக்காவுல, இல்லினாய்ஸ் மாநிலத்துல, சோதனைக்குன்னே ரோடு போட்டு லாரி ஓட்டிப் பார்த்து வந்த முடிவு அது. ஒரு அச்சு மேல பாரம் ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு ஆகற சேதம் ரெண்டு மடங்கு இல்ல, கிட்டத்தட்ட 16 மடங்கு. சித்தப்பா கணக்கைப் போட்டுப் பாருங்க. 55க்குப் பதிலா 62, பாரம் 13 சதவீதம்தான் ஜாஸ்தி. சேதம் சுமார் 60 சதவீதம் ஜாஸ்தி. நாம பைக்ல போகும்போது திட்டற குழி மேல்மாடியில, கம்ப்யூட்டர்லதான் முதல்ல விழுது. பரீட்சையில எனக்கு அந்தக் கேள்விக்கு முழு மார்க்.

வரம்பை ஏத்திட்டா பிரச்சினை தீரும்னு நினைப்பீங்க. 2018 ஜூலையில மத்திய அரசு ஏத்திப் பார்த்துட்டாங்க. அதுக்கு முன்னால உச்சபட்சம் 49 டன், இப்போ 55. சித்தப்பா சொல்றது: "49 இருந்தப்போ 55 ஏத்துனாங்க. 55 ஆனதும் 62 ஏத்துறாங்க."

எங்க ஊருக்கு ஓவர்லோடு புதுசு இல்ல. 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஏரியைச் சுத்திப் பார்க்க வந்தவங்க போன படகு கவிழ்ந்து இருபது பேருக்கு மேல செத்துப்போனாங்க. அளவுக்கு மேல ஆள் ஏத்தினதுன்னு அன்னிக்கு எல்லாரும் பேசினாங்க. எனக்கு அப்போ ஏழு வயசு. கரையில டார்ச் வெளிச்சமும் அம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்ததும் மட்டும் ஞாபகம். "இன்னும் ஒரு ஆள்தானே"ங்கற வார்த்தையை எங்க ஊர்ல இன்னிக்கும் யாரும் சாதாரணமா சொல்ல மாட்டாங்க.

எங்க ஏரியில 'பாடு'ன்னு ஒரு பழைய முறை இருக்கு. நல்ல மீன் கிடைக்கற இடத்துல யார் எப்போ வலை போடணும்னு ஊர் கூடி முறை வச்சுப்பாங்க. முறை இல்லாதவர் இறங்க மாட்டார். அதுலயும் சண்டை உண்டு, எல்லாருக்கும் இடமும் கிடையாது. ஆனா ஒரு விஷயம் இருக்கு. அங்க "கூடாது"ன்னு சொல்றது ஊர். தனியா ஒரு ஆள் சொல்லிட்டு அன்னிக்குச் சோத்தை இழக்க வேண்டியதில்ல. ரோட்டுல அந்த "கூடாது"வை ஒரு டிரைவர் மட்டும் தனியா சொல்லணும்னு எதிர்பார்க்கறோம். அவர் சொல்லலன்னா அபராதம், சொன்னா வேலை போச்சு. அவருக்கு முன்னால அந்தப் பெட்டியை நிரப்பினவர், எடையை டைப் பண்ணினவர், கையெழுத்துப் போட்டவர், ட்ரிப் போட்டவர்னு நாலு பேர் இருக்காங்க. நாலு பேருக்கும் மாசச் சம்பளம்.

அந்த நாலு பேர் யாரு? நாமதான். ப்ளேஸ்மென்ட் லிஸ்ட்டைப் பாருங்க. லாஜிஸ்டிக்ஸ், சப்ளை செயின், ப்ளான்ட் ஆபரேஷன்ஸ். எனக்கும் அப்படி ஒரு ஆஃபர் வந்திருக்கு. டார்கெட் இருக்கும், மேல ஒரு சார் இருப்பார், "போன வாரம் போட்டதையே போடு"ன்னு சொல்லுவார். அவர் கெட்டவரா இருக்க மாட்டார். அவருக்கும் மேல இன்னொரு சார் இருப்பார்.

ஊர்லேர்ந்து கிளம்பற அன்னிக்குக் காலையில யார்டு விஷயத்தை சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் வண்டிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டு வந்தார். உள்ள எடை மேடை சீட்டுங்க. மாட்டினதுக்கு அப்புறம், ரெண்டு பெட்டி ஏத்தினா, முதல்ல வர்ற தனியார் எடை மேடையில சொந்தக் காசுல எடை போட்டுட்டுதான் மெயின் ரோட்டுக்கு வர்றாராம். ஜாஸ்தியா இருந்தா சீட்டை ஃபோட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புவாராம். ரெண்டு தடவை ஓனரே பெட்டியை இறக்கச் சொல்லிட்டார். ஒரு தடவை ட்ரிப்பையே வேற ஆளுக்கு மாத்திட்டார்.

"சீட்டு கையில இருந்தா பேசலாம் பாப்பா. வெறும் வாயில பேச முடியாது." அதுல ஒண்ணை எடுத்து எனக்குக் குடுத்தார். 61,480 கிலோ.

அந்தச் சீட்டு இப்போ என் ஹாஸ்டல் டேபிள்ல கண்ணாடிக்கு அடியில இருக்கு. ஆகஸ்ட்ல நான் வேலைக்குச் சேர்றேன். அந்த மாதிரி ஒரு கட்டம் என் முன்னால வந்தா, எடை சீட்டு இல்லாம நம்பர் அடிக்க மாட்டேன்னு இங்க எழுதி வைக்கறேன். நான் மாத்திப் பேசினா இந்த இதழை எடுத்து வந்து என்கிட்ட காட்டுங்க. நீங்களும் சேர்ந்து கேட்டீங்கன்னா இன்னும் நல்லது. "சார், எடை சீட்டு எங்க?" நாலே வார்த்தைதான். முதல் நாள் நான் கேட்டேன். ரெண்டாவது நாளும் கேட்டிருக்கணும்.