கடைக்காலில் ஏறிய உப்பு

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பழைய வீடுகளின் திண்ணையையும் மரத்தூண்களையும் நிலைக்கதவுகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வைகாசி வெயிலில் நான் பார்க்கப் போனது ஒரு வீட்டுச் சுவருக்குக் கீழே வெட்டியிருந்த குழியை. டேனிஷ் கோட்டையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து நிற்கும் ஓட்டு வீடுகளின் வரிசை அது. அலைச் சத்தம் முற்றம்வரை கேட்கிறது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வேலையாட்கள் எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா.

குழி மூன்றடி நீளம், இடுப்பளவு ஆழம். உள்ளே உட்கார்ந்திருந்த இளைஞர் மண்வெட்டியைத் தொடவே இல்லை. கொத்துக்கரண்டியால் மணலைச் சுரண்டி, பாண்டுச் சட்டியில் நிரப்பி மேலே நீட்டிக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு அறுபதைத் தாண்டிய வயது. "இறங்கி வாங்க சார். மேல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார்.

இறங்கினேன். கரண்டியின் பிடியால் அவர் அடிவரிசைச் செங்கலைத் தட்டினார். கணீரென்றது. கீழே போகப் போக மூன்று படிகளாக அகலும் கடைக்கால் அது. ஒன்றரை அங்குலம்கூடக் கனமில்லாத அந்தக் காலத்துச் செங்கல், ஈரத்தில் கறுத்திருந்தாலும் ஓரம் மழுங்காமல் இருந்தது. பிறகு தரைமட்டத்துக்கு மேலே ஓரடி தள்ளித் தட்டினார். சத்தமே எழவில்லை. விரலை வைத்து அழுத்தினால் செங்கல் சிவப்பு மாவாக உதிர்ந்தது. அந்த மாவைக் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, என்னிடமும் நீட்டினார். கரித்தது.

கடலோர வீடுகளின் நோய் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மண்ணுக்குள் எப்போதும் ஈரத்தில் கிடக்கும் செங்கல் நூறாண்டு கடந்தும் தாங்கும். அந்த ஈரம், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கலின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. தரைக்கு மேலே வந்ததும் காற்றுப்பட்டுத் தண்ணீர் ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த உப்பு துளைக்குள்ளேயே படிகமாகி, பெருத்து, செங்கலை உள்ளிருந்து உடைக்கிறது. மழைக்காலத்தில் கரையும், வெயிலில் மறுபடி இறுகும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு. கடைக்கால் திடமாக இருக்க, அதற்கு மேலே இரண்டடிப் பட்டை மட்டும் செத்துப்போகிறது. வீட்டின் முழுப் பாரமும் அந்தப் பட்டை வழியாகத்தான் இறங்குகிறது.

கடல் கட்டடத்தைத் தின்பதற்கு இன்னொரு வழியும் உண்டு. அதைப் பார்க்க மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போனால் போதும். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே அடியிலிருந்த மண்ணே அலையோடு போனது. தெருவுக்குள் இருக்கும் வீடுகளுக்கு அந்த ஆபத்து உடனடியாக இல்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஊருக்குள் புகுந்த கடல்நீர், நிலத்திலும் சுவரிலும் உப்பை விட்டுச் சென்றது. அதன்பிறகு, மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு இங்கே பல பழைய வீடுகளைச் சுண்ணாம்பிலேயே சீர்செய்தது. மேஸ்திரியின் குழுவில் இருக்கும் கொத்தனார் ஒருவர் அந்த வேலைகளில் கையாளாகச் சேர்ந்துதான் சுண்ணாம்புப் பூச்சைப் படித்தார்.

டீச்சரம்மா வீட்டில் உப்பைவிட மோசமான ஒன்றும் நடந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த பட்டையை மறைக்க, நாலடி உயரத்துக்குச் சிமெண்டு பூசியிருந்தார்கள். சிமெண்டு ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே ஏறி, அது முடிகிற இடத்தில் வெளியே வந்தது. இப்போது ஐந்தடி உயரத்தில், சாமிப் படங்கள் மாட்டியிருந்த இடத்தில், சுவர் பொரிந்து கொட்டுகிறது. சிமெண்டுப் பட்டையைப் பெயர்த்தபோது அது ஒரே பலகையாக வந்தது. அதன் முதுகில் செங்கலின் முகம் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தக் காட்சி எனக்கு ஆத்திரமூட்டியது. காப்பாற்றுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. முன்பு வந்து பார்த்த இன்னொரு ஒப்பந்தக்காரர் "இடிச்சிட்டு பில்லர் எழுப்பிக் கட்டிடுங்க" என்றாராம். இந்த ஊரில் பல வீடுகள் அந்த ஒரு வாக்கியத்தில்தான் போயின.

வேலை நடக்கும் முறையைச் சொல்ல வேண்டும். சுவர்மீது கரித்துண்டால் மூன்றடிக்கு ஒரு கோடு போட்டு 1 முதல் 6 வரை எண் எழுதியிருக்கிறார்கள். முதலில் 1, 4. அவை இறுகிய பிறகு 2, 5. கடைசியில் 3, 6. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை ஒரே நேரத்தில் திறப்பதே இல்லை. திறந்த பகுதியின் பாரத்தை இரண்டு பக்கமும் இருக்கும் சுவர் தற்காலிகமாகத் தாங்கிக்கொள்ளும். கூரையின் பாரத்துக்குச் சவுக்கு முட்டு கொடுத்து, அடியில் பலகை போட்டு ஆப்பு இறுக்கியிருக்கிறது. செத்த செங்கலை உளியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மாயவரம் பக்கம் இடித்த வீடுகளிலிருந்து வாங்கிய பழைய செங்கலை வைத்துக் கட்டுகிறார்கள். புதுச் செங்கல் அளவிலும் சேராது, தன்மையிலும் சேராது.

கடைசி வரிசைதான் கைத்திறன். புதிதாகக் கட்டியதற்கும் மேலே தொங்கும் பழைய சுவருக்கும் இடையே விரற்கடை இடைவெளி நிற்கும். அதில் ஈரம் குறைந்த கலவையைத் திணித்து, நாட்டு ஓட்டுச் சில்லுகளைச் சிறு சுத்தியலால் அடித்து இறுக்குகிறார் மேஸ்திரி. ஒரு சில்லு அதிகமாக இறங்கினால் மேல் சுவர் விண்டுவிடும். குறைந்தால் முட்டுகளை எடுத்ததும் சுவர் உட்காரும். அவர் கண்ணால் பார்த்து அடிக்கவில்லை. இடது உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொண்டு, அதிர்வு மாறுவதை வைத்து நிறுத்துகிறார். "போதும்னு சுவரே சொல்லும்" என்றார். பக்கத்தில் நின்ற இளைஞர் தன் கையையும் வைத்துப் பார்த்தார். நானும் வைத்தேன். அவர் நிறுத்திய இடத்தை என்னால் உணர முடியவில்லை.

வீட்டின் பின்மூலையில் சங்கதி வேறு. அங்கே கடைக்காலே இறங்கியிருந்தது. குளியலறைத் தண்ணீர் ஆண்டுக்கணக்காகச் சுவரடியில் கசிந்து மணலை அரித்துவிட்டது. விரிசல் படிக்கட்டு போலச் செங்கல் இணைப்புகளில் ஏறி, மேலே போகப் போக அகலமாகியிருந்தது. மூலை கீழே போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைத்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. இங்கே உடைந்தது. அதனால் கழிவுநீரைத் திருப்பிவிட்டு, கடைக்காலுக்கும் கீழே வானம் பறித்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, திம்சுக் கட்டையால் இடித்து ஏற்றுகிறார்கள். ஐந்தடியில் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டார் வைக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"மோட்டார் போட்டா தண்ணியோட மணலும் வந்துடும் சார். பக்கத்து வீட்டுக்காரன் சுவரும் சேந்து உக்காந்துடும்."

வாளியால்தான் மொண்டு ஊற்றினார்கள். கோடையில் நீர்மட்டம் கீழே இருப்பதால்தான் இந்த அளவுக்காவது முடிகிறது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குழியைத் திறக்கவே முடியாது.

கொல்லைப்புறத்தில் இரண்டு பெண்கள் சுண்ணாம்பு வேலையில் இருந்தார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து நீரில் ஊறப்போட்டிருக்கும் தொட்டி ஒருபக்கம், கடுக்காய் ஊறல் டிரம் ஒருபக்கம். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும். மண்ணுக்குள் காற்று எங்கே இருக்கிறது? அதனால் செங்கல் தூள் சேர்க்கிறார்கள். அந்தத் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஈரத்திலேயே இறுக வைக்கும். நன்றாக வெந்த செங்கலைவிட அரைவேக்காட்டுச் செங்கலின் தூள்தான் இதற்கு உகந்தது. மூத்தவர் ஒவ்வொரு செங்கலையும் நிறம் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு தூள், இரண்டு பங்கு ஆற்றுமணல். கடல்மணலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் பக்கத்திலேயே சும்மா கிடைக்கின்றன. இரண்டையும் தொடுவதில்லை. மணலை லாரியிலும் தண்ணீரை டேங்கரிலும் வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள்.

"கலவை சரியா இல்லேன்னா கொத்தனாரத் திட்ட மாட்டாங்க, எங்களத்தான் திட்டுவாங்க" என்றார் அந்த அக்கா. அவருக்குக் கிடைப்பது கொத்தனார் கூலியில் பாதியை ஒட்டித்தான். எந்தச் செங்கலை இடிக்கலாம், சுண்ணாம்பு எப்போது பதமாகும் என்று தெரிந்த ஒருவரை வெறும் சித்தாள் கணக்கில் வைப்பது அநியாயம். சுண்ணாம்பு கையை அரித்து, விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கையுறை வாங்கிக் கொடுத்திருந்தார் டீச்சரம்மா. நனைந்த கையுறைக்குள் இன்னும் எரிகிறது என்று கழற்றி வைத்திருந்தார்.

மேஸ்திரிக்குப் பிறகு இந்த வேலையைச் செய்யக் குழுவில் அந்த இளைஞர் ஒருவர்தான் இருக்கிறார். சிமெண்டு வேலையில் ஒரு நாளில் எழுப்பும் சுவர், இங்கே ஒரு வாரம் கேட்கிறது. ஒரு பகுதி கட்டி முடித்தால் இறுகும்வரை அடுத்ததைத் திறக்க முடியாது. ஒரே வீட்டில் நிற்காமல் இரண்டு மூன்று வீடுகள் மாறி மாறி இருந்தால்தான் கூலி தொடரும். அத்தனை வீட்டுக்காரர்கள் கிடைப்பதில்லை. நடுநடுவே புது வீடுகளுக்குச் செண்டரிங் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

கீழே கட்டி முடித்த பகுதிகளுக்கு மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு போட்டிருந்தார்கள். ஓரிரு வருடத்தில் அது உப்பை வாங்கிக்கொண்டு உதிர்ந்துவிடுமாம். "விழட்டும் சார். அது விழுந்தாத்தான் செங்கல் நிக்கும். அப்புறம் சுரண்டிட்டு வேற பூசிக்கலாம்" என்றார் மேஸ்திரி. உதிரும் பூச்சைப் பார்த்துப் பதறி மறுபடி சிமெண்டுக்காரரைக் கூப்பிடக் கூடாது என்று டீச்சரம்மாவிடம் சத்தியம் வாங்காத குறை.

வாசலுக்கு வந்தால் இன்னொரு சிக்கல் காலடியில் கிடக்கிறது. தெருவை மேல்மேலாகப் போட்டுப்போட்டு, திண்ணைக்கு ஏறும் முதல் படி தாருக்குள் போய்விட்டது. மழை பெய்தால் தெருத்தண்ணீர் சுவரடியில்தான் தேங்கும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அது இந்தமாதிரித் தெருக்களில் கறாராக நடந்தாலே பல வீடுகளின் ஈரம் பாதி குறையும்.

கடலோரத்தில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவர் பொரிகிறது என்று சிமெண்டு மூட்டை வாங்கும் முன், இடித்துவிடலாம் என்று முடிவெடுக்கும் முன், சுவரடியில் ஒரு சின்னக் குழி வெட்டிக் கடைக்காலைத் தட்டிப் பாருங்கள். அது கணீரென்றால் உங்கள் வீட்டைக் காப்பாற்றலாம். குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். சுண்ணாம்பு தெரிந்த மேஸ்திரியைத் தேடிப் பிடித்து, பங்குனியிலேயே வேலையைத் தொடங்குங்கள். கிரகப்பிரவேசத் தேதி குறித்துக்கொண்டு அவரை விரட்டாதீர்கள்.