அடைப்பும் ஃபூரேயும்

குழாய் அடைப்பு எடுக்கிற நீளமான கம்பிச் சுருளை நம் ஊர் பிளம்பர்கள் 'ஸ்பிரிங்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் பாம்பு என்று பெயர். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சு மொழியிலோ 'ஃபூரே'. கீரியைப் போல ஒல்லியான ஒரு பிராணி அது. முயல் பிடிக்கப் போகிறவர்கள் அதை வளைக்குள் விடுவார்கள்; உள்ளே பதுங்கியிருப்பதை வெளியே விரட்டும். மூன்று பெயரில் இதுவே பொருத்தம் என்பது என் கட்சி. அடைப்பை மேற்கொண்டு உள்ளே தள்ளக் கூடாது, வெளியே எடுக்க வேண்டும்.

போன வாரம் எங்கள் குளியலறையில் தண்ணீர் கணுக்கால் வரை நின்றுவிட்டது. "ஆசிட் ஊத்திப் பாருங்களேன்" என்றாள் மனைவி. கடையில் விற்கிற ஆசிட் முடியைக் கரைக்காது. ஊற்றிய பிறகு கம்பி விட்டால் கையிலும் கண்ணிலும் தெறிக்கும். ஆகவே வேண்டாம் என்றேன்.

கையுறை மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நம் வயதில் குந்தி உட்காருவது ஆகாது. தரையிலுள்ள சல்லடை மூடியையும் அதன் கீழிருந்த கிண்ணத்தையும் எடுத்துவிட்டு, 5 மீட்டர் ஸ்பிரிங்கை மெல்ல விட்டேன். வளைவில் கம்பி நிற்கும். அங்கே முரட்டுத்தனமாகக் குத்தினால் கம்பி மடங்கிவிடும். கைப்பிடியை ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும். மெத்தென்று தட்டுப்பட்டதும் நாலைந்து சுற்று சுற்றி, திருகியபடியே இழுக்க வேண்டும்.

மூன்றாம் முறை வந்தது ஓர் உருண்டை முடி. அத்தனையும் கருப்பு. எங்கள் வீட்டில் கருப்பு முடி உள்ளவர்கள், லீவுக்கு வந்து போன பேத்திகள் மட்டும்தான்! இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன், சரசரவென்று இறங்கியது.

அந்த உருண்டையைத் தண்ணீர் விட்டு உள்ளே தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அது தெருப்பக்கத்து சேம்பரில் போய் நிற்கும். அந்தக் காலத்தில் அதை எடுக்க ஒருவர் வருவார். வெறுங்கையைத் தோள் வரை விட்டுத் துழாவுவார். கூலியைக் கையில் தராமல் வாசற்படியில் வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. ஆனால் சட்டம் நம் குளியலறைக்குள் வந்து பார்க்காது. நம் வீட்டு முடியைப் பழைய தினசரியில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவது நம் வேலை.