வலையைப் பழுதுபார்க்கிறவர்



நம்முடைய கூடுகைகளில் மிக எளிதாகச் சொல்லப்படும் வார்த்தைகளில் ஒன்று, ‘ஒப்புக்கொடுக்கிறேன்’ என்பது. உயிர்மீட்சிக் கூட்டத்தின் கடைசி இரவில், பாடல் மெதுவாய்த் தொடர்ந்துகொண்டிருக்க, செய்தியாளர் அழைப்புக் கொடுக்கும்போது நூற்றுக்கணக்கான கைகள் உயருகின்றன. அந்தக் கைகளை நான் அற்பமாய் எண்ணுகிறதில்லை. என் பதினாறாம் வயதில் அவ்விதமாய் உயர்ந்த கைகளில் என்னுடையதும் ஒன்று. ஆனாலும் பல ஆண்டுகளாக ஆயராய் வீடுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சென்றுவருகிற எனக்கு ஒரு காரியம் திரும்பத் திரும்பப் புலப்படுகிறது. நாம் பெரும்பாலும் ஒப்புக்கொடுத்தலை ஒரு கொடுக்கல் வாங்கலாகவே நினைத்துக்கொள்ளுகிறோம். உடைந்துபோனதை ஆண்டவரிடம் தருகிறோம். உடைவதற்கு முன்பு எப்படி இருந்ததோ அப்படியே அது திரும்பி வரும் என்று காத்திருக்கிறோம். வராதபோது, நாம் முழுமையாய் ஒப்புக்கொடுக்கவில்லையோ என்று நம்மையே சந்தேகிக்கிறோம். சிலர் தேவனைச் சந்தேகித்து, அதை வெளியே சொல்லவும் அஞ்சி, ஆராதனைக்கு வருவதைக் குறைத்துக்கொள்ளுகிறார்கள்.

பேதுரு தம்முடைய முதலாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், கொஞ்சக்காலம் பாடனுபவிக்கிற விசுவாசிகளைத் தேவன் தாமே சீர்ப்படுத்துவார் என்று எழுதுகிறார். அவ்விடத்தில் மூலமொழியில் வருகிற வினைச்சொல் ‘கத்தார்திட்சோ’. செபெதேயுவின் குமாரர் இருவரும் படகில் அமர்ந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் சொல்லுமிடத்திலும் இதே சொல்தான் வருகிறது. பேதுரு அதை எழுதும்போது வலையைத்தான் நினைத்தார் என்று நாம் சாதிக்க முடியாது. அது பல பொருளில் வழங்கின பொதுச்சொல். ஆனால் எழுதினவர் ஒரு மீனவர் என்பதை நான் மறக்க விரும்பவில்லை.

கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஊழியம் செய்த நாட்களில், மாலை வேளைகளில் மணலில் அமர்ந்து வலை சரிசெய்கிற முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருப்பேன். அவர் முதலில் ஊசியை எடுக்கமாட்டார், கத்தியைத்தான் எடுப்பார். கிழிந்த இடத்தைச் சுற்றித் தொங்கும் நூல்களையும் பாதி அறுந்த கண்ணிகளையும் வெட்டிக்கொண்டே போவார். உறுதியான முடிச்சு வரும்வரைக்கும் வெட்டுவார். பார்க்கிற நமக்கு, சிறியதாயிருந்த ஓட்டை இவர் கையில் இன்னும் பெரிதாகிறதே என்று தோன்றும். ஒருநாள் நான் கேட்டபோது, “அறுந்ததுல முடிச்சுப் போட்டா மறுபடி அங்கேயேதான் போகும் ஐயா” என்றார். அதன்பின் கண்ணி கண்ணியாய்ப் பின்னத் தொடங்குவார். வேலை முடிந்த பிறகும் புதிய நூலின் நிறம் பழைய வலையோடு ஒத்துப்போகாது. எங்கே கிழிந்தது என்று எவரும் காணலாம். அந்த வலையோடுதான் அடுத்தநாள் கடலுக்குப் போவார்.

யோவான் சுவிசேஷத்தின் இருபத்தொராம் அதிகாரத்தில் திபேரியாக் கடலோரத்தில் நடந்ததை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கத்தி என் நினைவுக்கு வருகிறது. இரவெல்லாம் ஒன்றும் அகப்படாமல் கரைக்கு வந்த சீஷர்களுக்கு ஆண்டவர் மீனும் அப்பமும் ஆயத்தமாக்கி வைத்திருந்தார். அந்த மீன் வெந்துகொண்டிருந்தது கரிநெருப்பின்மேல். புதிய ஏற்பாடு முழுவதிலும் கரிநெருப்பைக் குறிக்கும் அந்தக் கிரேக்கச் சொல் இரண்டே இடங்களில் வருகிறது. மற்ற இடம், பிரதான ஆசாரியனின் அரமனை முற்றம். அங்கே பேதுரு குளிர்காய்ந்துகொண்டு, தன் ஆண்டவரை அறியேன் என்று மறுதலித்தார். அதே வாசனை, அதே வெளிச்சம். காலை உணவு முடிந்தபின்பு மூன்றுதரம் கேள்வி கேட்கப்படுகிறது. மூன்றாந்தரம் பேதுரு துக்கப்பட்டார் என்று சுவிசேஷகர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அன்பைக் குறிக்கும் இரண்டு சொற்கள் இங்கே மாறி வருவதைப் பலர் விரித்துப் பிரசங்கிப்பதுண்டு. யோவான் தம் சுவிசேஷத்தில் அவ்விரண்டையும் அதிக வேறுபாடின்றி வழங்குவதால், அதன்மேல் பெரிதாய் எதையும் கட்டியெழுப்ப நான் தயங்குவேன். நெருப்பே எனக்குப் போதும். ஆண்டவர் பேதுருவின் தோல்வியைத் தாண்டிச் செல்லாமல், உறுதியான முடிச்சு வரும்வரைக்கும் அதற்குள்ளே போகிறார்.

இதற்குச் சில நாட்களுக்கு முன்னே, கடைசி இராப்போஜனத்தின்போது, உமக்காக என் ஜீவனையும் கொடுப்பேன் என்று பேதுரு சொல்லியிருந்தார். அதுவும் ஓர் ஒப்புக்கொடுத்தல்தானே! பொய்யாய்ச் சொன்னதுமல்ல. ஆனால் எப்போது, எவ்விதமாய்க் கொடுப்பது என்பதைத் தம் கையிலேயே அவர் வைத்திருந்தார். கரையிலே ஆண்டவர் அந்தப் பழைய வாக்கை எடுத்துக்கொள்ளுகிறார், ஆனால் நிபந்தனையை மாற்றிவிடுகிறார். இளவயதில் நீயே உன் அரையைக் கட்டிக்கொண்டு விரும்பின இடத்துக்குப் போனாய், முதிர்வயதில் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன்னைக் கட்டி நீ விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்கிறார். சற்றுமுன்புதான், கரையில் நிற்கிறவர் கர்த்தர் என்று கேட்டவுடனே, பேதுரு மேற்சட்டையை அரையில் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்திருந்தார். அந்த ஈரம்கூட முழுவதும் உலர்ந்திருக்காது.

பேதுரு உடனே திரும்பிப் பார்த்து, பின்னே வருகிற யோவானைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்கிறார். நாமும் அதையே கேட்போம்.

இத்தருணத்தில் டோனாவூரை நினைக்காமல் இருக்க என்னால் இயலவில்லை. அயர்லாந்தில் பிறந்து 1895ல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், திருநெல்வேலிச் சீமையிலுள்ள அந்த ஊரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாய் வாழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். 1931 அக்டோபர் 24ம் நாள் காலையில், உம்மை இன்னும் நன்றாய்ச் சேவிக்க உதவுமானால் என்னை எப்படியாகிலும் நடத்தும் என்ற கருத்துப்பட அவர் ஜெபித்தார். அன்று மாலை மங்கின வெளிச்சத்தில், களக்காட்டில் மருத்துவப் பணிக்கென்று ஆயத்தமாக்கப்பட்டுவந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்றபோது, அங்கே வெட்டப்பட்டிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63. 1951 ஜனவரி 18ம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை, ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார்.

இந்த வரலாற்றைச் சிலர் சொல்லும் விதம் எனக்கு ஏற்புடையதல்ல. காலையில் ஜெபித்தார், ஆகவே மாலையில் ஆண்டவர் குழியில் தள்ளினார் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அந்தக் குழியை வெட்டினவர்கள் மனிதர்கள்; வெளிச்சம் மங்கியிருந்தது. நான் சொல்லக்கூடியது, அந்த விழுகையும் அவருடைய ஜெபத்துக்கு வெளியே போய்விடவில்லை என்பதே. நோயாளிகளை ஆறுதல்படுத்தவென்று அவருக்கு வந்த துண்டுப்பிரதிகள் பெரும்பாலும் சுகமுள்ளவர்களால் எழுதப்பட்டவை என்பதை அவர் படுக்கையில் இருந்தபடியே கண்டுகொண்டார். ஆகவே நோயாளியாகிய தாமே நோயாளிகளுக்கு எழுதத் தொடங்கினார். அவருடைய கால் பழையபடி ஆகவில்லை. ஓடியாடிப் பிள்ளைகளைப் பார்த்துவந்த அந்த நாட்களும் திரும்பி வரவில்லை. கல்லறைமேல் பெயர் பொறித்த கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தபடியால், பறவைகள் நீர் அருந்தும் கல்தொட்டி ஒன்றே அங்கே வைக்கப்பட்டது.

நம் சபையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓய்வுநாள் பாடசாலை நடத்திவந்த மூத்த சகோதரி ஒருவர் சென்ற ஆண்டு பக்கவாதத்தினால் தாக்கப்பட்டார்கள். அவர்கள் சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். பெயரைப் போடவேண்டாம் என்றார்கள். போடாமலே உங்களில் பலருக்குத் தெரியும். வலது கை எழும்பவில்லை. பேச்சோ, ஒவ்வொரு சொல்லாய்த் தேடி எடுத்துவரவேண்டியதாயிருக்கிறது. கதை சொல்லுவதில் அவர்களுக்கு நிகரானவர் இந்தச் சேகரத்திலேயே இல்லை என்பதை நினைத்தால், எந்த இடத்தில் அடி விழுந்தது என்று விளங்கும். ஒருநாள் ஜெபம் முடிந்து நான் எழும்பினபோது, என் கையைப் பிடித்து நிறுத்தி, “ஐயா… வாயத்தானே… அவருக்குக் கொடுத்தேன்” என்றார்கள். பிறகு வெகுநேரம் தேடி, தன்னைவிட மூத்தவர்கள் இன்னும் கோயில் படி ஏறுகிறார்களே என்றும் கேட்டார்கள். அன்றைக்கு நான் வேதத்தைத் திறக்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குப் பேச்சுத் திக்கும். ஓய்வுநாள் பாடசாலையில் அவன் முறை வரும்போது தலையைக் குனிந்துகொள்ளுவான். மற்றப் பிள்ளைகள் சொல்லை முடித்துக்கொடுத்துவிடுவார்கள். இவர்கள் கண்ணாடி போட்டு வாசிக்கச் சிரமப்படுகிறதைப் பார்த்து, அவனுடைய பாட்டி ஒருநாள் அவனை அனுப்பிவைத்தார்கள். அவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டால் இவர்கள் அவசரப்படுத்துகிறதில்லை. சொல்லுக்காகக் காத்திருப்பது என்னவென்று இப்பொழுது இவர்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமைதோறும் மாலையில் மாற்கு சுவிசேஷம் வாசிக்கப்படுகிறது. இதனால் அவர்களுடைய கேள்வி தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாதிருங்கள். இன்னும் கேட்கிறார்கள், அழவும் செய்கிறார்கள். மருத்துவர் சொன்ன பயிற்சிகளையும் விடாமல் செய்கிறார்கள். இரண்டு விரல்கள் சற்றே அசைகின்றன.

கடந்த செவ்வாயன்று நான் போனபோது எட்டாம் அதிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ‘பெத்சாயிதா’ என்ற ஊர்ப் பெயரில் சிறுவன் நின்றுவிட்டான். சொல்லிக்கொடுக்கலாம் என்று வாயெடுத்த அவர்களும் அதே சொல்லில் நின்றார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். நான் வாசற்படியிலேயே நின்றுகொண்டேன். சற்றுநேரம் பொறுத்துச் சிறுவனே அதைச் சொல்லி முடித்து, அடுத்த வசனத்துக்குப் போனான்.