முதுகில் ஒரு வீடு

வீட்டை முதுகில் சுமந்துகொண்டு ஊர் சுற்றுவதில் நத்தைதான் சீனியர். அடுத்தது அமெரிக்கர்கள்.

பிக்கப் ட்ரக் அங்கே தடுக்கி விழுந்தால் ஒன்று. முன்னால் ஆள் உட்கார இடம், பின்னால் மூடியில்லாத தொட்டி. அந்தத் தொட்டிக்குள் பீரோவை இறக்குவதுபோல ஒரு குட்டி அறையை இறக்கி இறுகக் கட்டிவிட்டால் அது ட்ரக் கேம்பர். உள்ளே அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. படுக்கை மட்டும் டிரைவர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். ஊர் திரும்பியதும் நான்கு மூலையிலும் ஜாக் கொடுத்து அறையை நிறுத்திவிட்டு, ட்ரக்கை மட்டும் உருவிக்கொண்டு மறுநாள் ஆபீஸ் போகலாம்.

எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ல் சார்லி என்கிற தன் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தது இந்த ஜாதி வண்டியில்தான். டான் குயிக்ஸோட்டின் நோஞ்சான் குதிரை ஞாபகமாக அதற்கு ‘ரோஸினாந்தே’ என்று பெயர் வைத்தார். 1962-ல் பயணம் புத்தகமாக வந்தது. அதே வருஷம் நோபல் பரிசும் வந்தது. அந்த வண்டியை இன்றும் கலிஃபோர்னியாவின் சலீனாஸ் ஊரில், அவர் பெயரில் இருக்கும் மியூசியத்தில் பார்க்கலாம்.

இதில் ‘பாப்-அப்’ என்று ஒரு வகை. ஓடும்போது கூரை தணிந்திருக்கும். நிறுத்தியதும் கூரையைத் தூக்கினால், அதற்கும் சுவருக்கும் நடுவே பழைய கேமராவின் துருத்திபோலத் துணி விரியும். எடை குறைவு, காற்று எதிர்ப்பு குறைவு, காட்டுப் பாதையில் மரக்கிளை இடிக்காது.

கோவிட் காலத்தில் ஹோட்டல் ரூம் என்றாலே ஜனங்கள் பயந்தபோது இப்படிப்பட்ட வண்டிகளுக்கு ஏக கிராக்கி. 2021-ல் மட்டும், எல்லா வகையும் சேர்த்து, ஆறு லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளைவிட்டுப் போயின. நாலு வருஷம் கழிந்து ஆசை தீர்ந்தவர்கள் விற்பார்கள் அல்லவா? அங்கே சாஃப்ட்வேர் எழுதும் உங்கள் பிள்ளையோ மாப்பிள்ளையோ ‘ஒரு பழைய கேம்பர் வாங்கலாம்னு இருக்கேன்’ என்று சொன்னால், இந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்தவர் கொம்பில் அடித்திருக்கும் வர்ணத்தைப் பார்க்கமாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். கேம்பரில் புது மெத்தை உறை, வரிசையாக எல்.இ.டி. விளக்கு, இதெல்லாம் கொம்பு வர்ணம். பல் என்பது இரண்டு விஷயம்: எடை, ஈரம்.

முதலில் எடை. இதைப் பார்க்க கேம்பர் இருக்கும் இடத்துக்கே போக வேண்டாம். உங்கள் ட்ரக்கின் டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று போட்டிருக்கும். 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 680 கிலோ. கேட்லாக்கில் கேம்பரின் எடை 1,200 பவுண்டு, அதாவது 545 கிலோ. ‘இன்னும் 135 கிலோ பாக்கி இருக்கே!’ என்று சந்தோஷப்படாதீர்கள். கணவன், மனைவி ஏறி உட்கார்ந்தால் 140. தொட்டியில் 20 காலன் தண்ணீர் ஊற்றினால் 76. ஆக சுமார் 80 கிலோ அதிகம். கேஸ் சிலிண்டர், பாட்டரி, அரிசி மூட்டை, குக்கர் எதுவும் இன்னும் ஏறவில்லை.

கேட்லாக் எடை பெரும்பாலும் காலி வண்டியின் எடை. பழைய சொந்தக்காரர் தன் பங்குக்கு சோலார் தகடு, வெயில் பந்தல், ஏ.சி. எல்லாம் சேர்த்திருப்பார். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் ‘கேட் ஸ்கேல்’ என்ற எடைமேடை இருக்கிறது. கேம்பரோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை நிறுத்தினால் வித்தியாசம்தான் நிஜ எடை. அதிகச் செலவில்லை. ‘ட்ரக்கில் ஏர் பேக் போட்டுக்கொண்டால் போதும், தாங்கும்’ என்று விற்பவர் சொல்வார். ஏர் பேக் ட்ரக்கின் தொய்ந்த முதுகை நிமிர்த்தும். ஆனால் பிரேக்கையோ, அச்சையோ, டயரையோ அது பெரிதாக்காது. ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் மாறாது.

இது கணக்கு வாத்தியார் சமாசாரம் இல்லை, உயிர் சமாசாரம். டென்வருக்கு மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் மலை இறங்கும் இடங்களில், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்றே சரளைக்கல் கொட்டிய சரிவுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். அதிகச் சுமையோடு இறங்கும் பிக்கப்புக்கும் அதே பௌதிகம்தான். சுமை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். கேம்பரின் பக்கவாட்டில் எடைமையத்தைக் குறித்திருப்பார்கள். அது பின் அச்சுக்கு முன்னால் விழ வேண்டும். பின்னால் விழுந்தால் முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது.

அடுத்தது ஈரம். ‘ஒரு சொட்டுகூட ஒழுகினதில்லை’ என்று எல்லாரும் சொல்வார்கள். நம்புவதுபோல் தலையாட்டிவிட்டுக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்த வேண்டிய இடங்கள்: கூரையில் காற்றாடிக்காக வெட்டிய ஓட்டையின் ஓரம், ஜன்னல் விளிம்பு, மூலைகள், தலைக்கு மேல் நீட்டியிருக்கும் படுக்கையின் அடிப்பலகை. மெத்தையைத் தூக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். பலகை ஊறின பிஸ்கட் மாதிரி அமுங்கினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது. வெளியே கோந்து பூசி மறைக்கலாம், உளுத்த சட்டத்தைப் பூசி நேராக்க முடியாது. அலுமினியச் சட்டம் என்றால் உளுக்காது, ஆனால் காட்டுப் பாதையில் குலுங்கிக் குலுங்கி வெல்டிங் விட்டிருக்கலாம். ஜாக் மாட்டிய மூலைகளில் விரிசல் தேடுங்கள்.

துணிக்கு ஒரு சுலபமான சோதனை. நல்ல வெயிலில் கூரையைத் தூக்கி, கதவைச் சாத்தி, திரைகளை மூடிவிட்டு உள்ளே நில்லுங்கள். ஓட்டை இருந்தால் நட்சத்திரம் தெரியும். மூக்கையும் உபயோகியுங்கள். மடித்து வைத்த துணியில் பூஞ்சை வாசனை வந்தால், நனைந்த கூரையை அப்படியே மூடியிருக்கிறார்கள். கூரையை அவர் தூக்க வேண்டாம், நீங்களே தூக்கி இறக்குங்கள். நாளைக்குத் தூக்கப்போவது நீங்கள்தானே?

குளிர் பிரதேசத்து வண்டி என்றால் குழாயையும் கவனியுங்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவிகிதம் பெருக்கும். குளிர்காலத்துக்கு முன் வடிக்க மறந்திருந்தால் குழாய் வெடித்திருக்கும். பம்பைப் போட்டுக் குழாயைத் திறந்து மூடுங்கள். பம்ப் நின்றுவிட வேண்டும். மூடின பிறகும் அவ்வப்போது தானாக இருமினால் எங்கோ கசிகிறது.

பல கேம்பர்களில் ஃபிரிட்ஜ் நம் வீட்டு ஜாதி இல்லை. கேஸ் சுடரிலேயே குளிரும். 1922-ல் ஸ்வீடனில் ஃபான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த தத்துவம். சத்தமே போடாது, ஆனால் சில்லென்று ஆகப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால் முதல் நாளே போன் பண்ணி, ராத்திரியே போட்டு வைக்கச் சொல்லுங்கள். திறக்கும்போது அமோனியா நெடியோ, பின்பக்கத்தில் மஞ்சள் பொடியோ இருந்தால் அதன் ஆயுசு முடிந்தது.

கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் பாருங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதற்கான டிடெக்டர் அதனால்தான் கீழே இருக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இரண்டு டிடெக்டருக்கும் காலாவதித் தேதி உண்டு, திருப்பிப் பாருங்கள். தாண்டியிருந்தால், அதில் தூங்கும் முதல் ராத்திரிக்கு முன்னால் புதிது மாட்டுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஏன் விற்கிறீர்கள்?’ சிலர், ‘முழங்கால் வலி, மேல் படுக்கைக்கு ஏற முடியவில்லை’ என்பார்கள். சிலர், ‘மனைவி போய்விட்டாள், தனியாகப் போகப் பிடிக்கவில்லை’ என்பார்கள். அந்தப் பதிலுக்குப் பிறகு பேரம் பேச வாய் வராது. பரவாயில்லை, இருநூறு டாலர் கூடக் கொடுங்கள். ஆனால் மெத்தைக்கு அடியில் கட்டை விரல் வைக்காமல் மட்டும் வந்துவிடாதீர்கள். அவர் சோகமும் நிஜம், பலகையின் ஈரமும் நிஜம்.

இத்தனையும் தேறினாலும் உடனே செக் எழுத வேண்டாம். ஒரு வார இறுதிக்கு இதே மாதிரி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உட்பக்கம் படுத்திருப்பவர், வெளிப்பக்கம் படுத்திருப்பவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். திங்கட்கிழமை காலையும் இருவரும் பேசிக்கொண்டிருந்தால் தாராளமாக வாங்கலாம்.